ஆறாத காயமும் கையில் ஒட்டிய சர்க்கரை சென்சாரும்: 56 நாள் அனுபவம்

இந்த சென்சாரை நான் வாங்கியதே கட்டி வந்ததால்தான். ஆறு மாதத்தில் மூன்று தடவை, அக்குளில் இரண்டு, தொடையில் ஒன்று. ஒவ்வொன்றும் வீங்கி, சீழ் பிடித்து, ஆன்டிபயாடிக் சாப்பிட்டு அடங்கும், அடங்கிய சில வாரத்தில் அடுத்தது கிளம்பும். இது போதாதென்று செருப்பு கடித்து வந்த ஒரு சின்னக் கொப்புளம் கால் சுண்டுவிரலில் ஐந்து வாரமாக ஆறாமல் கிடந்தது. மூன்றாவது கட்டியைக் கீறுவதற்கு முன்னால் டாக்டர் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தார், 268. ரத்தம் எடுத்து அனுப்பியதில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை, 8.4 சதவீதம் என்று வந்தது. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய் என்று கணக்கு. எனக்கு அதிக தாகம் கிடையாது, ராத்திரி எழுந்து எழுந்து போகவேண்டிய தொல்லையும் கிடையாது, எடை மட்டும் 91 கிலோ. "கட்டியை நான் கீறிவிடுவேன், ஆனால் சர்க்கரை இறங்குகிற வரைக்கும் அடுத்தது வந்துகொண்டேதான் இருக்கும்" என்றார் அவர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, முடிந்தால் ஒன்றிரண்டு மாதம் கையில் ஒட்டும் சென்சார் போட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார்.

நான்கு சென்சார் போட்டேன், ஒன்று 14 நாள், மொத்தம் 56 நாள். கம்பெனி பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற நிறைகுறைகளில் பாதிக்கு மேல் இந்த வகை சென்சார் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் பொருளைப் பற்றி. இரண்டு நாணயத்தை அடுக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். மேல்கையின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் உள்ளேயிருக்கும் ஊசி ஒரு மெல்லிய இழையைத் தோலுக்குள் 5 மில்லிமீட்டர் அளவுக்குச் செருகிவிட்டு வெளியே வந்துவிடும், இழை மட்டும் உள்ளே தங்கும். விரலில் குத்துவதை விட வலி குறைவு, உண்மையாகவே. அந்த இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கும், அது சர்க்கரையோடு வினைபுரியும்போது உண்டாகும் சின்ன மின்னோட்டத்தை அளந்து கைப்பேசிக்கு அனுப்புகிறது. ஆனால் அது அளப்பது ரத்தத்தை இல்லை. செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தில் ஏறியது அங்கே போய்ச் சேர 5 முதல் 15 நிமிடம் ஆகும். அதனால் சாப்பிட்ட உடனேயோ, வேகமாக நடந்த உடனேயோ விரலில் குத்திப் பார்த்து "எண் ஒத்துவரவில்லையே" என்று பதற வேண்டாம், நான் முதல் வாரம் முழுக்க அப்படித்தான் பதறினேன். எண்ணை விட, பக்கத்தில் காட்டும் அம்புக்குறிதான் பயன்: ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று அது சொல்லிவிடும்.

சரி, கட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே இது புரியாமல்தான் ஆறு மாதம் வீணாகப் போனது. தோலில் ஒரு கீறல் விழுந்து கிருமி உள்ளே போனதும் முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள். அவை ரத்தக்குழாயை விட்டு வெளியே வர வேண்டும், கிருமி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து நகர வேண்டும், விழுங்க வேண்டும், விழுங்கியதைக் கொல்ல வேண்டும். ரத்தச் சர்க்கரை நெடுநாள் உயர்ந்தே இருந்தால் இந்த ஒவ்வொரு படியிலும் தளர்ச்சி வருகிறது. கொல்லும் வேலைக்கு அந்த அணுக்கள் ஆக்சிஜனிலிருந்து வீரியமான சில பொருட்களை உண்டாக்கும், அதற்கு என்ஏடிபிஎச் என்ற ஒரு துணைப்பொருள் தேவை. சர்க்கரை அளவுக்கு மேல் இருக்கும்போது அந்தச் சர்க்கரையை சார்பிட்டாலாக மாற்றும் வேறொரு பாதை வேகமாக ஓட ஆரம்பிக்கிறது, அந்தப் பாதையும் இதே துணைப்பொருளைத்தான் செலவழிக்கிறது. ஆக, ஆள் களத்துக்கு வந்து சேர்கிறான், கையில் ஆயுதம் குறைவு. எச்பிஏ1சி என்பதே ரத்தச் சிவப்பணுக்களின் புரதத்தில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுதானே, அதே மாதிரி நோய் எதிர்ப்புக்கு உதவும் புரதங்களின் மேலும் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது, அவை செய்யும் வேலை பாதிக்கப்படுகிறது.

இதற்கு மேல் கால் விரலில் வேறு பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டால் அந்த அணுக்களும் ஆக்சிஜனும் போய்ச் சேருவதே கஷ்டம், நரம்பு மரத்துப்போனால் காயம் பட்டதே தெரியாது. தோல் கட்டி, ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, பிறப்புறுப்பில் வரும் பூஞ்சை அரிப்பு என்று சர்க்கரை நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப வருபவை எல்லாம் தனித்தனி துரதிர்ஷ்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காசநோய் வரும் வாய்ப்புகூட சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களை விட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இதையெல்லாம் யாராவது முன்பே ஒரு வரியில் சொல்லியிருந்தால் முதல் கட்டியிலேயே ரத்தம் பரிசோதித்திருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். "ஒரு இனிப்பு சாப்பிட்டால் ஐந்து மணி நேரம் எதிர்ப்பு சக்தி படுத்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதன் மூலம் 1973இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு. சில ஆட்களுக்கு 100 கிராம் சர்க்கரை கொடுத்து, அப்புறம் ரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கும் திறனைச் சோதனைக்கூடத்தில் பார்த்தார்கள், அது சில மணி நேரம் குறைந்திருந்தது. அவ்வளவுதான். இனிப்பு சாப்பிட்டவர்களுக்கு அன்று அதிகம் சளி பிடித்ததா என்று அதில் பார்க்கவே இல்லை. என் 56 நாளிலும் ஒரு வேளை ஏறியதற்காக மறுநாள் எதுவும் நேர்ந்துவிடவில்லை. பிரச்சினை மாதக்கணக்கில் 200க்கு மேலேயே வாழ்வதில்தான், அதைத்தான் இந்த சென்சார் முதல் வாரமே என் முகத்துக்கு நேராகக் காட்டியது. 70க்கும் 180க்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று ஆப்பில் ஒரு பச்சைப் பட்டை வரும். பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்கு அது 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது இலக்கு. எனக்கு முதல் வாரம் 31. அதாவது நாளில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் என் வெள்ளையணுக்கள் சர்க்கரைப் பாகில் நீந்திக்கொண்டிருந்திருக்கின்றன.

இப்போது இந்த மதிப்புரையை எழுத வைத்த அந்த இரவுக்கு வருகிறேன். மூன்றாவது சென்சார் போட்டு ஐந்தாம் நாள். அதற்குள் மாத்திரையும் நடையும் வேலை செய்ய ஆரம்பித்து, இரவில் ஆப்பில் தெரியும் என் சர்க்கரைக் கோடு 120, 130 என்று படுத்துக்கிடக்கப் பழகியிருந்தது. அன்று வழக்கமான சாப்பாடு, வழக்கமான நேரம், ஆனால் விடிகாலை எழுந்து பார்த்தால் இரவு முழுக்க 170க்குக் கீழே இறங்கவே இல்லை. என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்து ஒன்றும் தோன்றவில்லை, சென்சார்தான் கெட்டுவிட்டது என்று விரலில் குத்தினால் அதிலும் 174. காலை பத்து மணிக்குத் தொண்டை கரகரத்தது, சாயங்காலம் 101 டிகிரி காய்ச்சல். அடுத்த மூன்று நாள் பாதி சாப்பாடுதான் இறங்கியது, சர்க்கரை மட்டும் 190, 220 என்று நின்றது.

சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை குறையும் என்றுதானே நாம் நினைப்போம். ஆனால் காய்ச்சலில் உடம்பு கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கொட்டுகிறது, கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, கிருமியோடு போராடும் அணுக்கள் விடும் ரசாயனங்கள் இன்சுலினின் பேச்சைத் தசைகள் கேட்கவிடாமல் செய்கின்றன. சர்க்கரை ஏறினால் தொற்று வளரும், தொற்று வளர்ந்தால் சர்க்கரை ஏறும். ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு சுற்றுகிறது. புத்தகத்தில் படித்தால் ஒரு வரி, கைப்பேசியில் நம் சொந்தக் கோடாகப் பார்க்கும்போது மனதில் பதிகிற விதமே வேறு. கட்டி வந்த மாதங்களில் எனக்குள் இதுதான் நடந்திருக்கும் என்று அன்றுதான் முழுசாகப் புரிந்தது. உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். காய்ச்சல் நாட்களில் சில சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், சிலவற்றைத் தொடரச் சொல்வார்கள், இன்சுலின் போடுபவர்களுக்கு அது தனிக் கணக்கு, அதனால் கேட்காமல் நீங்களாக எதையும் செய்யாதீர்கள். தண்ணீர் நிறையக் குடிப்பது மட்டும் பொதுவாக எல்லோருக்கும் சொல்வது.

எடையைப் பற்றி இந்த ஆப் ஒரு வார்த்தை பேசுவதில்லை, எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. சர்க்கரை, எடை, தொற்று மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று பிரி. கொழுப்பு என்பது சும்மா சேர்த்துவைத்த மூட்டை கிடையாது, அது பாட்டுக்கு ரசாயனங்களைச் சுரந்துகொண்டிருக்கும் ஒரு உறுப்பு. 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட, பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. கொழுப்பு, அதிலும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, அளவுக்கு மீறும்போது அதற்குள் மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்பணுக்கள் குவிகின்றன, டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருட்கள் சின்ன அளவில், ஆனால் ஓயாமல், கசிந்துகொண்டே இருக்கின்றன. எந்நேரமும் சிறுதீயில் எரிகிற அடுப்பு மாதிரி. அது இன்சுலினையும் மந்தமாக்குகிறது, உண்மையான கிருமி வரும்போது எதிர்ப்பு அணுக்கள் செய்ய வேண்டிய வேலையையும் குழப்புகிறது. 2009இல் எச்1என்1 காய்ச்சல் பரவியபோதுதான் உடற்பருமன் தனியாகவே நோயைத் தீவிரமாக்குகிறது என்பது பரவலாகக் கவனத்துக்கு வந்தது, கொரோனாவில் அதையே மறுபடி பார்த்தோம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாலும் எடை அதிகமானவர்களுக்கு எதிர்ப்பு குறைவாகவே உண்டாகலாம் என்பது 1980களிலிருந்தே தெரிந்த விஷயம். அதற்காகத் தடுப்பூசி வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள், நமக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

ஆனால் ஒல்லியாக இருந்தால் தப்பித்தோம் என்றும் இல்லை. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் லெப்டின் சரிந்து டி அணுக்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள் சோர்ந்துபோகும், புரதம் போதாதவர்களுக்குத் தொற்று சுலபமாக வரும், எதிர்ப்புப் புரதங்களைச் செய்யவே புரதம்தானே வேண்டும். நான் முதல் பத்து நாள் செய்த முட்டாள்தனம் இதுதான். கோடு ஏறாமல் இருக்கவேண்டும் என்ற ஒரே வெறியில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். கோடு அழகாகப் படுத்துக்கொண்டது, நான் தள்ளாடினேன், விரல் காயம் அப்படியே இருந்தது. டாக்டர் சத்தம் போட்ட பிறகுதான் ஒவ்வொரு வேளையிலும் பருப்போ முட்டையோ ஏதாவது ஒரு புரதத்தை வைத்துக்கொண்டேன்.

இங்கேதான் சென்சாரின் பெரிய பலமும் பெரிய ஆபத்தும் ஒன்றாக இருக்கின்றன. பலம் என்னவென்றால், அறிவுரை எல்லாம் கண்ணுக்கு முன்னால் சோதித்துப் பார்க்கக்கூடியதாகிவிடுகிறது. பழச்சாறு என்னை 40 நிமிடத்தில் 240க்குக் கொண்டுபோனது, அதே பழத்தைக் கடித்துத் தின்றால் 180ஓடு நின்றது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் அதே தட்டுதான், ஆனால் உச்சம் 30, 40 புள்ளி குறைந்தது. சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்தால் இன்னும் குறைந்தது. நாலு மணி நேரமே தூங்கிய மறுநாள் காலை எதைச் சாப்பிட்டாலும் ஏறியது. இது எதையும் எனக்கு யாரும் புதிதாகச் சொல்லவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தபோது செய்யாததைப் பார்த்த பிறகு செய்தேன்.

ஆபத்து என்னவென்றால், தட்டையான கோடுதான் நல்ல சாப்பாடு என்று மனசு நம்ப ஆரம்பித்துவிடும். எண்ணெயில் பொரித்த எதையாவது சாப்பிட்டால் கோடு உடனே அசையாது, அதற்காக அது நல்லதாகிவிடுமா? பயறுகள் கோட்டைக் கொஞ்சம் தூக்கும், ஆனால் அவற்றிலிருக்கும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன, அவை குடல் சுவரைக் காத்து, எதிர்ப்பு அணுக்கள் தேவையில்லாமல் சீறாமல் பார்த்துக்கொள்கின்றன. துத்தநாகம், வைட்டமின் டி, புரதம், நார்ச்சத்து எதுவும் இந்தத் திரையில் தெரியாது. எதிர்ப்பு சக்தியை இது அளக்கவில்லை, சர்க்கரையை மட்டும் அளக்கிறது. இதை விற்பவர்கள் ஆரோக்கியம் முழுவதற்குமான அளவுகோல் மாதிரிப் பேசுவதைக் கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல் வந்ததும் எதிர்ப்பு சக்திக்கு என்று வைட்டமின் சி 1000 மில்லிகிராம் மாத்திரை போட ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் சென்சார் 231, விரலில் 188. கையேட்டை எடுத்துப் பார்த்தால் சின்ன எழுத்தில், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் இந்த சென்சார் அளவைக் கூட்டிக் காட்டலாம் என்று இருந்தது. இன்சுலின் போடுபவர் அந்தப் பொய் எண்ணை நம்பிக் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும்! இதைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். வேறு சில சென்சார்களில் பாராசிட்டமாலும் இப்படிக் குழப்பும், உங்களுடையது எது என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். மேலும், வைட்டமின் சி தினமும் எடுப்பதால் பொதுவாக சளி பிடிப்பது குறைவதில்லை, பிடித்த சளி கொஞ்சம் சீக்கிரம் விடுகிறது, அவ்வளவுதான். நான் நிறுத்திவிட்டேன்.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் 24 மணி நேர எண்களை நம்பாதீர்கள், ஒவ்வொரு சென்சாரும் முதல் நாள் தடுமாறுகிறது. சென்சார் இருக்கும் கைப்பக்கம் படுத்தால் அந்த இடம் அழுந்தி, இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும். இரவு இரண்டு மணிக்கு 58 என்று அலாரம் அலறி வீடே எழுந்தது, விரலில் பார்த்தால் 104. இரண்டாவது சென்சாரின் பசை என் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் வட்டமாகச் சிவந்து அரித்தது. இது மற்றவர்களுக்குச் சின்ன விஷயம், என் மாதிரி தோல் தொற்று வந்த ஆளுக்குச் சொறிந்து புண்ணாக்கினால் நாமே கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. அதற்கப்புறம் ஒட்டும் முன் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, முழுசாகக் காயவிட்டு, ஒவ்வொரு முறையும் கை மாற்றி ஒட்டினேன், பிரச்சினை வரவில்லை. நாலாவதில் பதினோராம் நாள் ஓரம் பெயர்ந்து தொங்கியது, மேலே டேப் போட்டுச் சமாளித்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்கவேண்டிய செலவு, அது எல்லோருக்கும் இயலாது. அப்படிப்பட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம், விரலில் குத்தும் மீட்டரை வைத்துக்கொண்டு சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துக் குறித்து வந்தாலே நான் கற்றதில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

யார் வாங்கலாம்? இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை இருந்து திரும்பத் திரும்பத் தொற்று வருபவர்கள், காயம் ஆறாதவர்கள், ஸ்டீராய்டு சிகிச்சையில் இருப்பவர்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும் தங்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் அந்த நேரத்தில் சர்க்கரை 200க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தையல் போட்ட இடத்தில் தொற்று வராமலிருக்கச் சொல்லப்படும் விதிகளில் ஒன்று. சர்க்கரையே இல்லாதவர்கள் எதிர்ப்பு சக்தியைப் பார்க்கிறேன் என்று இதை ஒட்டிக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆரோக்கியமானவர்களுக்கும் சாப்பிட்டபின் எப்போதாவது 140ஐத் தாண்டும், அதைப் பார்த்துப் பயந்து பழத்தையும் பருப்பையும் விட்டவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்குக் கட்டியோ அரிப்போ திரும்பத் திரும்ப வருகிறது, சர்க்கரை இருக்கிறதா என்றே தெரியாது என்றால், முதலில் வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனையும் எச்பிஏ1சியும் எடுங்கள். இந்த சென்சார் நோயைக் கண்டுபிடிப்பதற்கான கருவி இல்லை.

என் கணக்கு இப்போது இப்படி இருக்கிறது: எடை 86, பச்சைப் பட்டை 78 சதவீதம், மூன்று மாதம் கழித்து எடுத்த எச்பிஏ1சி 6.9. இதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, நடைக்கு எவ்வளவு, எடைக்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது, சென்சாருக்கும் தெரியாது. கால் விரல் ஏழாவது வாரம் மூடியது, புதுத்தோல் வந்த அன்று அதைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். கட்டி அப்புறம் வரவில்லை.

ஐந்துக்கு நான்கு தருகிறேன், வைட்டமின் சி எச்சரிக்கையை ஒளித்துவைத்ததற்காக ஒன்று குறைத்தேன். தொடர்ந்து போடப்போவதில்லை. ஒரே ஒரு சென்சார் மட்டும் அலமாரியில் வாங்கி வைத்திருக்கிறேன், காலாவதித் தேதியைப் பெட்டியின் மேல் பேனாவால் பெரிதாக எழுதி. அடுத்த முறை உடம்பு சுடும் அன்று எடுத்து ஒட்டிக்கொள்வேன்.